எங்கள் தோழி

ஓவிய டீச்சருக்கு நல்லது செய்ய வேண்டும் என்கிற தவிப்பு எப்போதும் உண்டு. தவிப்பதில் தப்பில்லை. ஆனால் நல்லது செய்யக் கிளம்புகிறவர்கள், யாருக்குச் செய்யப்போகிறோம் என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் புண்ணியமாகப் போகும். இவள் பார்க்கவில்லை.

விடுமுறையில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி முகாம் நடந்தது. பாகுபாடு காட்டுவது தப்பு, எல்லோரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் வாயால் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள், படம் வரையவைத்தால் அவர்களே புரிந்துகொள்வார்கள் என்று அங்கே சொன்னார்கள். சொன்னதோடு செய்தும் காட்டினார்கள். ‘இதுவரை நீங்கள் பக்கத்தில் உட்காராத ஒருவரின் முகத்தை வரையுங்கள். அப்புறம் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசிவிட்டு, மறுபடியும் அதே முகத்தை வரையுங்கள்.’ இதுதான் பயிற்சி. டீச்சர் எங்கோ ஒரு பள்ளியிலிருந்து வந்திருந்த சங்கீத வாத்தியாரை வரைந்தாள். முதல் படத்தில் கடுவன் பூனை மாதிரி இருந்த மனிதர் இரண்டாவது படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். முகாம் முடியும்போது கூடத்தில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. பள்ளி திறந்ததும் முதல் வேலை இதுதான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

முகாமில் எல்லோரும் எல்லோருக்கும் புதியவர்கள், யாரை வேண்டுமானாலும் வரையலாம். வகுப்பறை அப்படியா? யார் யாரோடு உட்காருவது, யாரோடு உட்காரவே கூடாது என்பதெல்லாம் அங்கே என்றைக்கோ தீர்ந்துபோன வழக்கு. இது வாத்தியார் வேலை பார்க்கிற யாருக்கும் தெரியும். அன்றைக்கு அவளுக்கு மட்டும் மறந்துபோயிற்று.

ஓவிய அறை மாடியில் இருந்தது. சாயம் காய்ந்து காய்ந்து சொந்த நிறமே மறந்துபோன ஒரு தொட்டி, எப்போதும் ஒழுகும் ஒரு குழாய், இருவர் இருவராக உட்காரும் பெஞ்சுகள். கடைசி பெஞ்சில் மட்டும் ஒரே ஒருத்தி. ஐந்தாம் வகுப்புக்கு டீச்சர் விஷயத்தை விளக்கினாள்.

“நீங்க பக்கத்துல உட்கார்ந்ததே இல்லாத ஒருத்தர வரையணும். யாருன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது, ரகசியம். அடுத்த வாரம் அவங்க பக்கத்துல போய் உட்காரப் போறீங்க. சரியா?”

“சரி டீச்சர்!” என்று கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்தினார்கள். அப்புறம் ஒரு சிரிப்பு ஓடியது. முன் பெஞ்சிலிருந்து கிளம்பிப் பின்னால் வரை போய்த் திரும்பி வந்தது. ஆர்வமாக வரைகிறார்கள் என்று டீச்சர் பூரித்துப் போனாள். கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவிக்கொண்டு முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

அவள் சொல்லிக்கொடுக்கும் முறையே தனி. தூர நின்று ‘இதைத் திருத்து, அதை அழி’ என்று சொல்கிற ஜாதி இல்லை. பிள்ளையின் பக்கத்தில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து, பென்சில் பிடித்த கையின் மேல் தன் கையை வைத்து, “இப்படி வா... வளை... பயப்படாத, கோடு ஓடிடாது” என்று கூடவே வரைவாள். கை படிந்தால்தான் கோடு படியும் என்பாள். அப்படியே பெஞ்சு பெஞ்சாகப் போவாள். கடைசி பெஞ்சுக்குப் போவதற்குள் மணி அடித்துவிடும். இரண்டு வருஷமாக அப்படித்தான் அடித்துக்கொண்டிருந்தது. மணிக்கு நாக்கு உண்டே தவிர வாய் கிடையாது. அதன் மேல் என்ன பழி வேண்டுமானாலும் போடலாம்.

அன்றைக்கும் அடித்தது. படங்களை வாங்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்கு வந்து மேஜையில் பரப்பினாள்.

முதல் படத்தில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண், பின்னால் ஒரு மஞ்சள் லாரி. அடுத்ததிலும் மஞ்சள் லாரி. அதற்கடுத்ததில் பெண்ணே இல்லை, லாரிக்கே இரண்டு கண்ணும் சடையும் வைத்திருந்தது. டீச்சர் மிச்சத்தையும் கையில் எடுத்தாள். மடமடவென்று புரட்டினாள். மூக்கில்லாத முகம், பல் மட்டும் பெரிதாக இருந்த முகம், பக்கத்தில் ஈ பறக்கும் முகம். ஒரு முகம் போல் இன்னொன்று இல்லை. இருக்காது, யாராவது அந்த முகத்தைச் சரியாகப் பார்த்திருந்தால்தானே? ஆனால் சடையும் ஜன்னலும் கடைசி பெஞ்சும் மஞ்சள் லாரியும் எல்லாவற்றிலும் இருந்தன. வகுப்பு மொத்தமும் ஒரே ஒருத்தியைத்தான் வரைந்திருந்தது.

எதிரே உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த கணக்கு வாத்தியார் எட்டிப் பார்த்தார். “கிணறு வெட்டப் போனா பூதம் கிளம்பியிருக்கே டீச்சர்” என்றார். அவர் எதையும் இப்படித்தான் சொல்வார். சொல்லிவிட்டு விடைத்தாளுக்குத் திரும்பிவிடுவார்.

அந்தப் பெண்ணின் அப்பா கழிவுத்தொட்டி லாரி ஓட்டுகிறவர். வீடுகளிலும் கடைகளிலும் கழிவறைத் தொட்டி நிறைந்துவிட்டால் அவருக்குத்தான் ஆள் போகும். வந்து, தடிமனான குழாயை உள்ளே இறக்கி, எல்லாவற்றையும் உறிஞ்சிக்கொண்டு போவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்துத் தொட்டி நிறைந்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த மஞ்சள் லாரி மைதானத்துக்குள் வந்தது. குழாயை மாட்டிவிட்டு நிமிர்ந்தவர், மாடி ஜன்னலில் தன் மகளைப் பார்த்துவிட்டார். சந்தோஷம் தாங்காமல் கையை ஆட்டினார். மகளும் ஆட்டினாள். அவ்வளவுதான் நடந்தது. மறுநாள் பக்கத்தில் இருந்தவள் இடம் மாறி உட்கார்ந்தாள். அந்த வாரமே ‘லாரி’ என்று பெயர் வைத்தாயிற்று. ‘லாரி வருது, மூக்கப் பிடி’ என்பது வகுப்பின் விளையாட்டானது. அன்றைக்கு மாடியில் நாற்றம் வருகிறதென்று முதலில் எழுந்து ஜன்னலைச் சாத்தியது யார் தெரியுமா? ஓவிய டீச்சர்தான். நாற்றம் வந்தது, சாத்தினாள். யாரும் சாத்துவார்கள். அந்தப் பெண் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டிக்கொண்டிருந்தபோது சாத்தினாள் என்பதுதான் விஷயம்.

கடைசியாக இருந்த படம் அந்தப் பெண்ணுடையது. அதை எடுத்ததும் டீச்சர் முகத்தில் ஈயாடவில்லை.

முகத்தை வரையச் சொன்னால் அவள் ஒரு முதுகை வரைந்திருந்தாள். சாயக்கறை படிந்த மேலங்கி, கொண்டையில் செருகிய பென்சில், அதன் சிவப்பு முனை உட்பட. அந்த முதுகு ஒரு பெஞ்சில் யாரோ ஒரு பிள்ளையோடு ஒட்டி உட்கார்ந்திருந்தது. வலது கை அந்தப் பிள்ளையின் கை மேல் இருந்தது. ஐந்தாம் வகுப்புக் கை போட்ட கோடா அது! தோள்பட்டையின் சரிவை எந்தக் கண்ணாடியும் டீச்சருக்கு அப்படிக் காட்டியிருக்காது. இரண்டு வருஷம் ஒரே முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தால் யாருக்கும் கை படியத்தான் செய்யும். அந்தப் பெண் தப்பாகவும் எதையும் செய்துவிடவில்லை. பக்கத்தில் உட்காராத ஒருத்தரை வரை என்றால், அவளுக்கு வகுப்பு முழுக்கத் திறந்துதான் கிடந்தது. அத்தனை பேரையும் விட்டுவிட்டு டீச்சரைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

டீச்சர் அந்த ஒன்றை மட்டும் சுருட்டித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மிச்சப் படங்களையும் அப்போதே ஒளித்துவைத்திருக்க வேண்டும். புத்தி பிந்தித்தானே வரும்! மறுநாள் பெரிய டீச்சர், அதாவது தலைமையாசிரியை, அந்தப் படக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஏம்மா, இப்படி ஒண்ணு பண்ணியிருக்கேன்னு என்கிட்ட சொல்லவே இல்லையே! ஒரு வகுப்பே சேர்ந்து ஒரு ஏழைப் பொண்ண வரைஞ்சிருக்கு. அதுவும் அவ அப்பாவோட லாரியோட! அதிகாரிங்க வர்ற கண்காட்சிக்கு இதவிட வேற என்ன வேணும்?”

“மேடம், அது அப்படி இல்ல. நான் கேட்டது வேற...” என்று டீச்சர் நடந்ததைச் சொன்னாள்.

பெரிய டீச்சர் கெட்டவள் இல்லை. கடைசிவரை கேட்டாள். ஈ பறக்கிற படங்களையும் மூக்கில்லாத படங்களையும் தனியே எடுத்து மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். “நீ என்ன கேட்டேன்னு சுவத்துல எழுதப் போறதில்ல. ‘எங்கள் தோழி’ன்னு எழுதி ஒட்டிடு. அதப் பார்த்துப் பார்த்தாவது இந்தக் குட்டிச் சாத்தானுங்களுக்கு அவ தோழியாகட்டுமே? அது சரி, அவ வரைஞ்சது எங்க?”

“அவ வரையல மேடம்” என்றாள் டீச்சர்.

நாக்கு தானாகச் சொன்னது. சொன்ன பிறகு அதைத் திருப்பி எடுக்க அவளுக்கு வழி தெரியவில்லை.

வீட்டில் கணவரிடம் அந்தப் படத்தைக் காட்டினாள். அவர் துணி மடித்துக்கொண்டிருந்தவர், கையில் சட்டையோடு உற்றுப் பார்த்தார். “அட, நீ! அப்படியே இருக்கே! யாரு இந்தக் கெட்டிக்காரி? கண்காட்சில வைப்பீங்கல்ல?” என்றார். அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். இரண்டு வருஷமாக அந்தப் பெஞ்சுக்கு ஏன் போகவில்லை என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். நாற்றமா? ஒரு நாளும் கிட்டப் போகாதவளுக்கு நாற்றம் எப்படித் தெரியும்? வெறுப்பா? சத்தியமாக இல்லை. போகவில்லை, அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ அவளைத் தூங்கவிடவில்லை.

கண்காட்சிக்கு முதல் நாள், எல்லோரும் இறங்கிப் போன பிறகு அந்தப் பெண் மட்டும் ஓவிய அறையில் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். டீச்சர் கிட்டே போனாள். முதல் தடவையாகக் கிட்டே போனாள். சோப்பு வாசனை அடித்தது. சாதாரண வாசனை இல்லை, ஒரு கட்டி சோப்பையே கரைத்துத் தேய்த்துவிட்டாற்போல. அந்த வீட்டில் ஒரு அம்மா காலையில் எழுந்ததும் என்ன பயத்தில் இந்தப் பிள்ளையைத் தேய்க்கிறாள் என்று நினைத்தபோது டீச்சருக்கு அழுகை முட்டியது.

“அந்தப் படம்... மத்தவங்க வரைஞ்சது... நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா” என்றாள்.

“பரவால்ல டீச்சர்.” அவள் தூரிகையை உதறினாள். “நாளைக்கு எங்கப்பா வருவாரு. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

“எத?”

“யாரும் பக்கத்துல உட்கார மாட்டாங்கன்னு. எனக்கு நிறைய ஃப்ரெண்டுன்னு சொல்லி வெச்சிருக்கேன்.” கொஞ்சம் நின்றுவிட்டுக் கேட்டாள். “நான் வரைஞ்சது நல்லா வந்திருக்கா டீச்சர்?”

“ரொம்ப நல்லா வந்திருக்கு.”

அந்த முகம் மலர்ந்ததே, அதை எந்தப் பிள்ளையும் வரையவில்லை. பார்த்திருந்தால்தானே வரையும். “அப்ப அதையும் ஒட்டுவீங்களா? அப்பாகிட்ட காட்டணும்.”

“ஒட்டறேன்” என்றாள் டீச்சர். அதை மனதாரத்தான் சொன்னாள்.

மறுநாள் காலை யாரும் வருவதற்கு முன்பே வந்து, நடைபாதைச் சுவரில் நடுவில் அந்தப் படத்தை வைத்து நான்கு மூலையிலும் ஊசி குத்தினாள். தள்ளி நின்று பார்த்தாள். சுவர் முழுக்க இரட்டைச் சடைகள் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, நடுவில் அவள் முதுகு மட்டும் திரும்பி உட்கார்ந்திருந்தது. மேலே கொட்டை எழுத்தில் ‘எங்கள் தோழி’. தானே ஒட்டிய பலகை.

கணக்கு வாத்தியார் சாவிக்கொத்தோடு வந்தார். நின்றார். “இது நீங்கதானே? முதுகப் பார்த்தாலே தெரியுதே” என்றவர், சுவரை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நடுப்படத்துக்குத் திரும்பி வந்தார். “ஓ! இது அந்தப் பொண்ணு வரைஞ்சதா” என்றார். குரலில் வழக்கமான கேலி இல்லை. பேசாமல் போய்விட்டார். அந்த மனிதர் ஒரு பழமொழி சொல்லித் தொலைத்திருந்தால்கூடத் தேவலை.

வாசலில் அதிகாரிகளின் கார் வந்து நின்றது. பெரிய டீச்சரின் “வாங்க வாங்க” கேட்டது. டீச்சரின் கை சுவருக்குப் போயிற்று. ஒவ்வொரு ஊசியாகப் பிடுங்கினாள். படத்தைச் சுருட்டித் தோள்பையில் செருகினாள். காலி இடம் தெரியாமலிருக்கப் பக்கத்துப் படங்களை நெருக்கிக் குத்தினாள். அதிகாரிகள் வந்தபோது சுவர் அழகாக இருந்தது. ஒருவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். “இந்த மாதிரிப் பிள்ளைங்க இருக்கிறப்ப உலகம் கெட்டுப் போகாதும்மா” என்றார். பெரிய டீச்சர் மட்டும் டீச்சரின் கண்ணைப் பார்க்காமல் சிரித்தாள்.

பதினோரு மணி சுமாருக்கு லாரிக்காரர் வந்தார். தேய்த்த சட்டை, ஈரம் காயாத தலை, கையைப் பிடித்தபடி மகள். மகளிடம் அடித்த அதே சோப்பு வாசனை அவரிடமும் அடித்தது. நடைபாதையின் ஓரத்திலேயே ஒட்டி ஒட்டி நடந்து வந்தவர், சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். தலைப்பை எழுத்துக்கூட்டிப் படித்தார். ஒரு படம், இன்னொரு படம், அதற்கடுத்த படம் என்று நகர்ந்தார். எல்லாவற்றிலும் தன் மகள். எல்லாவற்றிலும் தன் லாரி.

“பாப்பா! இது நீயா? இதுவும் நீயா? அடேயப்பா, லாரியக்கூட விடலயே! குழாய் சுத்தி வெச்சிருக்கிறதுகூட கரெக்டா போட்டிருக்கான் பாரு!” வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். டீச்சரைப் பார்த்ததும் கும்பிட்டார்.

“நான் பயந்துக்கிட்டே இருந்தேன் டீச்சர். நம்ம தொழில் அப்படி. நான் வர்றேன்னா தெருவே ஜன்னலச் சாத்தும், அது பழகிப்போச்சு. பிள்ளையையும் அப்படி வெச்சிருவாங்களோன்னுதான் பயம். இவகிட்ட கேட்டா எல்லாரும் ஃப்ரெண்டுதான்பாங்கிறா. எனக்கு நம்பிக்கையே வராது. இப்பத்தான் டீச்சர் வயித்துல பால வார்த்தீங்க. இது தெரியாம லாரிய ரெண்டு தெரு தள்ளி நிறுத்திட்டு வந்திருக்கேன்!”

டீச்சர் தலையை ஆட்டினாள். வேறென்ன செய்வாள்? அந்தப் பெண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிடாதே என்று அந்தக் கண் கெஞ்சியது. கெஞ்சிவிட்டுச் சுவரில் எதையோ தேடியது. ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தேடியது.

“எங்க பாப்பா வரைஞ்சது எங்க டீச்சர்? ராத்திரியெல்லாம் அதையேதான் சொல்லிட்டு இருந்தா. வந்து பாருப்பா, பாருப்பான்னு.”

பெரிய டீச்சர் இரண்டடி தள்ளி நின்றிருந்தாள். அதிகாரிகள் அவளுக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். டீச்சரின் தோள்பையிலிருந்து சுருட்டிய காகிதம் ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில் அந்தப் பெண் தீட்டிய பச்சைக் கரை தெரிந்தது. எடுத்து விரித்தால் போதும். என்ன ஆகிவிடும்? நாலு பேர் முன்னால் கொஞ்சம் வெட்கம். மிஞ்சிப்போனால் பெரிய டீச்சரிடம் ஒரு திட்டு. அதற்குமேல் ஒரு மண்ணும் இல்லை.

“அவ... குடுக்கல” என்றாள்.

அந்தப் பெண்ணின் பார்வை டீச்சரின் முகத்திலிருந்து பைக்கு இறங்கியது. பச்சைக் கரையில் ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் அவள் அப்பாவைப் பார்த்துத் திரும்பி, “ஆமாப்பா, நான் வரையலப்பா” என்றாள்.

லாரிக்காரருக்கு முகம் மாறிப்போயிற்று. “வரையலயா? இத்தன பிள்ளைங்க உன்ன வரைஞ்சிருக்கு. உனக்கு வரையறதுக்கு ஒருத்தர்கூடவா கிடைக்கல? என்ன திமிரு உனக்கு! இத்தன பேரு பாசம் வெச்சா, நாம திருப்பி வெக்க வேணாமா? இதயா நான் சொல்லிக்குடுத்தேன்?” மற்றவர்கள் திரும்பிப் பார்க்கவும் குரலைத் தணித்துக்கொண்டார். “டீச்சர்கிட்ட மன்னிப்புக் கேளு.”

“மன்னிச்சிருங்க டீச்சர்” என்றாள் அந்தப் பெண்.

“நீங்க மனசுல வெச்சுக்காதீங்க டீச்சர். சின்னப் பிள்ளை. நீங்க பக்கத்துல உட்கார்ந்து, கையப் பிடிச்சு சொல்லிக்குடுப்பீங்கன்னு வீட்ல ஓயாம சொல்லுவா. கை படிஞ்சாத்தான் கோடு படியும்பீங்களாமே? இன்னும் நாலு தடவ கையப் பிடிச்சு வரைய வெச்சு விடுங்க. படிஞ்சிரும்.”

டீச்சர் கையை நீட்டினாள். எதற்கு நீட்டினாள், தலையைத் தடவவா, கையைப் பிடிக்கவா, அவளுக்கே தெரியாது. அந்தப் பெண் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

கதை இதோடு முடிந்திருந்தால்கூட மனசை ஆற்றிக்கொள்ளலாம். லாரிக்காரர் போகும்போது சந்தோஷத்தில் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். “திங்கக்கிழமை சாயங்காலம் லாரிய நல்லாக் கழுவி வாசலுக்கே கொண்டுவர்றேன். இத்தன ஆசையா வரைஞ்ச பிள்ளைங்க. ஏறிப் பார்க்கட்டும். ஆளுக்கொரு தடவ ஹார்ன் அடிக்கட்டும்.” அந்தப் பெண், “வேணாம்ப்பா, வேணாம்ப்பா” என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனாள். அவர் அதையும் வெட்கம் என்றே நினைத்துக்கொண்டார்.

சொன்னபடி வந்தார். திங்கட்கிழமை பள்ளி விடுகிற நேரத்துக்கு வாசலில் ஹார்ன் கேட்டது. மஞ்சள் லாரி பளபளவென்றிருந்தது. கண்ணாடியைத் துடைத்து, குழாயைச் சுருட்டிக் கட்டி, ஓட்டுநர் இருக்கையில் புதுத் துண்டு ஒன்றை விரித்திருந்தார். கதவைத் திறந்துவைத்துப் பக்கத்தில் நின்றிருந்தார். மைதானத்துக்கு வந்த பிள்ளைகள் லாரியைப் பார்த்தார்கள். முதலில் ஒருவன் மூக்கைப் பிடித்தான். அடுத்த நிமிஷம் மொத்தக் கூட்டமும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, கத்திக்கொண்டு, பின் வாசல் பக்கம் ஓடியது. ஏதோ விளையாட்டு என்று நினைத்து அவரும் சிரித்தபடியே கையை ஆட்டினார்.

டீச்சர் முன் வாசலுக்கு வந்தபோது மைதானம் காலி. அந்தப் பெண் மட்டும் பையை மாட்டிக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தாள்.

“என்ன பாப்பா, யாரையும் காணோம்? ஏன் ஓடிட்டாங்க?”

“எல்லாருக்கும் நாளைக்குப் பரீட்சைப்பா. படிக்கணுமாம்.”

“அப்படியா?” அவர் திறந்திருந்த கதவைப் பார்த்தார். விரித்த துண்டைப் பார்த்தார். அப்புறம் டீச்சரைப் பார்த்துவிட்டார். முகம் மறுபடி மலர்ந்தது. “டீச்சர்! நீங்களாவது ஏறி உட்கார்ந்து பாருங்களேன். சும்மா ஒரு நிமிஷம். சுத்தமா இருக்கு டீச்சர், பயப்படாதீங்க.”

ஒரு லாரியில் ஏறி உட்கார என்ன வேண்டும்? கால் இருந்தால் போதும். அந்தப் பெண் டீச்சரைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டீச்சரின் கால் ஒரு அடி எடுத்து வைத்தது. பின்னால் பள்ளிக் கட்டடத்தின் ஜன்னல்களில் ஆட்கள் நிற்பது அவளுக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது.

“இன்னைக்கு... கொஞ்சம் நேரமாச்சு. இன்னொரு நாள் வர்றேன்” என்றாள்.

“அதுக்கென்ன டீச்சர், பரவால்ல.” அவர் மகளைத் தூக்கி உள்ளே உட்காரவைத்தார். அவள் அந்தப் புதுத் துண்டை உருவி, நாலாக மடித்து, மடியில் வைத்துக்கொண்டாள். “உன் ஃப்ரெண்டுங்களுக்குப் பரீட்சை முடியட்டும் பாப்பா. நாளைக்கும் கொண்டு வர்றேன்” என்றார் அவர்.

மறுநாளும் கொண்டு வந்தார்.